மண்மேட்டு ஈயம்

மலையின் மேற்குச் சரிவில், ஊரைவிட்டுத் தள்ளி, வனக்காவலர்கள் கைவிட்ட ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பெண் தனியாக வந்து தங்கினாள். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டவர்களிடம், கீழேயிருந்து என்றாள். அவள் போதித்ததில்லை. திருநீறு கொடுத்ததில்லை. வழக்கோடு வருகிறவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு எதற்காக வந்தோம் என்பது சொல்லக் கூச்சமாகிவிடும். ஊர் அவளைச் சாமியம்மா என்றது.

அவளுக்கு ஒரே ஒரு சீடன். பெயர் வெள்ளையன். வயதில் அவளைவிட மூத்தவன். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை அம்மா என்பான்.

வெள்ளையன் ஞானம் தேடி வந்தவன் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கூட்டிவந்து, இவன் கொஞ்ச காலம் இங்கே இருக்கட்டும் தாயி என்று விட்டுப் போனார்கள். அவனுடைய தம்பி பொன்னனைப் புதைத்த மறுநாள் அது.

அந்த மலையில் சாமை முற்றுகிற காலத்தில் விதைத்த காட்டுக்கு ஒருவர் துப்பாக்கியோடு காவல் இருப்பார். பன்றிகள் கூட்டமாக வந்து ஒரே ராத்திரியில் ஒரு வருஷத்துச் சோற்றை உழுதுவிட்டுப் போய்விடும். அதனால் அங்கே ஒரு முறை உண்டு. அடுத்தவன் காட்டுக்குள் கால் வைப்பவன் வரப்பில் நின்று ஒரு கூவல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து மறுகூவல் வந்த பிறகுதான் தாண்ட வேண்டும். ஒரு விடியற்காலையில், பீடிக்கு நெருப்புக் கேட்டு, கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொன்னன் பக்கத்துக் காட்டுக்குப் போனான். பக்கத்துக் காட்டு மாதையன் பன்றி என்று நினைத்துச் சுட்டான்.

பொன்னன் கூவவில்லை என்று மாதையன் கோர்ட்டில் சொன்னான். கொஞ்ச காலத் தண்டனையோடு வழக்கு முடிந்தது.

"என் தம்பி கூவாம வரப்பைத் தாண்ட மாட்டான்" என்று வெள்ளையன் சாமியம்மாவிடம் தினமும் சொன்னான். அவள் ஒவ்வொரு நாளும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு அவன் சொல்வதை நிறுத்திவிட்டான். ஆட்டுக்குத் தழை ஒடித்தான். கேழ்வரகு அரைத்தான். சாமியம்மா கிண்டுகிற களி எப்போதும் கட்டி கட்டியாக இருக்கும் என்பதால் அதையும் அவனே கிண்டினான். இவன் ஆறிவிட்டான் என்று ஊர் நினைத்தது.

ஒரு நாள் பொன்னனின் மனைவி இருசாயி அவரைக்காய் கொண்டுவந்தாள். காயைக் கொட்டிவிட்டு, கூடையைத் தட்டிக்கொண்டே, மாதையன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான் என்றாள். காட்டில் முள் வெட்டுகிறான், துப்பாக்கியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதால் வெறும் தகரத்தைத் தட்டிக்கொண்டு காவல் இருக்கிறான் என்றாள். மற்றவர்கள் சொல்லி வெள்ளையன் கேட்கக் கூடாது என்றுதான் தானே வந்ததாகவும் சொன்னாள்.

வெள்ளையன் அவரைக்காயை நார் உரித்து முடிக்கிற வரைக்கும் தலை தூக்கவில்லை.

மறுநாள் அவன் சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான். கடைக்காரர் அவனுக்கு ஈயம் தர மாட்டேன் என்றிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். வெல்லம் வேணும்னா வாங்கிக்க, ஈயம் மட்டும் கேட்காதே என்று சிரித்திருக்கிறார். துப்பாக்கியும் வெடிமருந்தும் பொன்னன் வீட்டுப் பரணில் இருந்தன. குண்டுக்குத்தான் வழியில்லை.

அன்று மாலை அவன் சாமியம்மா எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, நான் குண்டு வார்க்கணும். பழைய ஈயம் பொறுக்கப் போறேன்."

"எதுக்கு அண்ணே?"

"பன்னிக்கு."

சாமியம்மா கொல்லையைப் பார்த்தாள். மரவள்ளிப் பாத்தியைப் பன்றிகள் கிளறிப்போட்டுப் பல வாரமாகியிருந்தது. குழிகளில் புல் முளைத்துவிட்டது. அத்தனை வாரமும் வெள்ளையன் அந்தக் குழிகளைச் சுற்றித்தான் ஆடு மேய்த்தான்.

"எந்தப் பன்னிக்கு?" என்றாள்.

அவன் வேறொன்று கேட்டான்.

"குண்டு வார்க்கிறது பாவமா அம்மா?"

"எனக்கு வார்க்கத் தெரியாதே. தெரியாததைப் பத்தி என்னத்தைச் சொல்றது? கத்துக்குடுங்க. கத்துக்கிட்டுச் சொல்றேன்."

வெள்ளையனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவளிடம் மாட்டேன் என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

காலையில் இருவரும் ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முதலில் ஏரிக்குப் போனார்கள். மீன் பிடிக்கிறவர்கள் பிய்ந்த வலைகளைக் கரையில் வீசிவிட்டுப் போவார்கள். வலையின் ஓரத்தில் கோத்த ஈயமணிகளை வெள்ளையன் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தான். பிறகு சந்தைமேட்டுக்குப் போய், மூட்டைகளிலிருந்து அறுத்தெறிந்த ஈய முத்திரைகளைப் புழுதியில் தேடினார்கள். சாமியம்மா குனிந்து பொறுக்குவதைப் பார்த்த காய்க்காரி ஒருத்தி, என்ன தாயி, பிச்சை போதாமல் குப்பைக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம், உன் கடையில் விழுந்து கிடப்பதையும் பார்த்துச் சொல்லு என்றாள் சாமியம்மா. காய்க்காரி சிரித்துக்கொண்டே தராசுக்கு அடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்துப் போட்டாள்.

வெள்ளையன் அந்தத் துண்டை எடுத்துக் கல்லின்மேல் போட்டான். கிணுங் என்றது. தூக்கி எறிந்தான்.

"ஏன் அண்ணே?"

ஈயம் சத்தம் போடாது என்றான். கல்லில் விழுந்தால் பொத்தென்று விழும். நகத்தால் கீறினால் கோடு விழும், கோட்டுக்குள்ளே பளபளக்கும். சத்தம் போடுவது வேறு ஜாதி உலோகம். அது ஒரு துண்டு சட்டிக்குள் விழுந்தாலும் முழு ஈயத்தையும் கெடுத்துவிடும். குண்டு அச்சில் பரவாது, பொக்கை பொக்கையாக வரும்.

சாமியம்மா ஒரு முத்திரையை எடுத்துப் பாறையில் இழுத்தாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு விழுந்தது. இன்னும் இரண்டு கோடு இழுத்தாள். எழுதுகிறதே, என்றாள். வெள்ளையனுக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

மாலையில் பையைத் தூக்கிப் பார்த்தான். போதாது என்றான்.

ஒரு குண்டுக்கா போதாது என்று அவள் கேட்கவில்லை. அவனும், ஒரே ஒரு குண்டுக்காக இவ்வளவு ஈயம் ஏன் தேடுகிறோம் என்று யோசிக்கவில்லை. நாலைந்து வார்த்தால்தான் ஒன்று சரியாக வரும், வார்க்கிறவர்கள் எப்போதும் சட்டி நிறைய உருக்குவார்கள். அது கையின் பழக்கம்.

ஈயம் நிறையக் கிடைக்கும் இடம் ஒன்றுதான் மிச்சம். ஊருக்குக் கிழக்கே ஒரு மண்மேடு. ஆயுத பூஜை அன்று அந்த மலையில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கழுவிப் பொட்டு வைத்து, அந்த மேட்டை நோக்கி ஆளுக்கு ஒரு வெடி வைப்பார்கள். தாத்தா காலத்திலிருந்து வைத்த வெடிகள். மேட்டைக் கொத்தினால் கிழங்கு போல ஈயம் வரும்.

மண்மேடு மாதையனுடைய காட்டை ஒட்டி இருந்தது.

மறுநாள் அங்கே போனார்கள். முந்தின ராத்திரி தூறல் போட்டிருந்ததால் மண் இளகியிருந்தது. வெள்ளையன் கடப்பாரையால் பெயர்த்தான். சாமியம்மா கட்டிகளை உதிர்த்து ஈயத்தைப் பொறுக்கினாள். சில குண்டுகள் உருண்டையாகவே இருந்தன. சில கல்லில் பட்டுத் தட்டையாகிப் பூவரசம்பூ வாடியதுபோல ஓரம் மடிந்திருந்தன.

வெள்ளையன் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தான். யார் அச்சில் வார்த்தது என்று சொன்னான். இது பூசாரி வீட்டு அச்சு, நடுவில் ஒரு வரம்பு இருக்கும். இது எங்கள் அப்பா வார்த்தது. இது பொன்னன் வார்த்தது. அவனுக்குப் பொறுமை கிடையாது, அச்சு சூடாகிறதற்கு முன்னாலேயே ஊற்றிவிடுவான், அதனால் குண்டின் தோல் கிழவியின் முகம் மாதிரிச் சுருங்கியிருக்கும். அதைச் சொல்லும்போது அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. குண்டைத் தனியாக வைக்கவில்லை. பையில்தான் போட்டான்.

"இதெல்லாம் யாரு மேலயும் படாததுதானே அண்ணே?" என்று சாமியம்மா கேட்டாள்.

"மண்ணு மேலதான் பட்டுது."

"பொன்னன் மேல பட்டது எங்க இருக்கு?"

வெள்ளையன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஆஸ்பத்திரியில எடுத்தாங்க. ஒரு சின்ன டப்பியில போட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டாந்தாங்க. என்னையும் பாக்கச் சொன்னாங்க. அப்புறம் எங்க போச்சோ."

அவள் குனிந்து அடுத்த கட்டியை உதிர்த்தாள்.

வெயில் ஏறியபோது வரப்பின்மேல் ஒருவன் வந்து நின்றான். மாதையன். ஜெயிலில் முடி நரைத்திருந்தது. வெள்ளையன் அவனைப் பார்த்துவிட்டு மறுபடி கொத்த ஆரம்பித்தான். கடப்பாரை முன்னைவிட ஆழமாக இறங்கியது.

மாதையன் சாமியம்மாவைக் கும்பிட்டான். எதற்காக ஈயம் எடுக்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அந்த மலையில் அது தெரியாதவர்கள் யாருமில்லை. வெகு நேரம் நின்றுவிட்டு, வெள்ளையனின் முதுகைப் பார்த்துப் பேசினான்.

"பொன்னன் கூவினான், அண்ணே."

கடப்பாரை நின்றது.

"கோர்ட்டுல அப்படிச் சொன்னா தூக்குத்தான்னு வக்கீல் பயமுறுத்தினாரு. கூவலைன்னு சொல்லிட்டேன். அவன் கூவினான். என் காதுல விழுந்துச்சு. விழும்போது விரல் இழுத்து முடிச்சிருச்சு. நடுவுல ஒரு இமை கொட்டுற நேரம்கூட இல்ல. மறுகூவல் குடுக்கத்தான் வாயைத் தொறந்தேன். வெடிதான் கேட்டுச்சு."

மாதையன் இடுப்பிலிருந்து ஒரு துணிப்பையை அவிழ்த்தான். குனிந்து, கோணிப்பையின் வாயை விரித்து, துணிப்பையிலிருந்ததை அதில் கொட்டினான். அவன் வார்த்து வைத்திருந்த குண்டுகள். ஒன்றன்மேல் ஒன்று பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"போதலைன்னா சொல்லுங்க. வீட்டுல இன்னும் கொஞ்சம் கிடக்குது" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போனான். முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனான். நிதானமாகத்தான் நடந்தான்.

திரும்பும் வழியில் பையை வெள்ளையனே சுமந்தான். பாதி வழியில் சொன்னான்.

"பாத்தீங்களா அம்மா. நான் சொன்னேன்ல. கூவியிருக்கான்."

"சொன்னீங்க அண்ணே."

"பொய் சொல்லியிருக்கான். சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லியிருக்கான்."

"ஆமா."

"அப்ப நான் செய்யறது சரிதான்."

அவள் பாதையில் கிடந்த முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

அச்சு பொன்னன் வீட்டில் இருந்தது. இரண்டு பாதியாகப் பிளந்து குடைந்த மாக்கல் அச்சு. வெள்ளையன் வாசலில் நின்று கேட்டபோது இருசாயி புளி தட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய் அச்சைக் கொண்டுவந்தாள். பரணிலிருந்து துப்பாக்கியையும் வெடிமருந்துக் கொம்பையும் சேர்த்தே எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க மாமா. போயிட்டு அப்படியே ஜெயிலுக்குப் போயிடுங்க. அங்க வேளாவேளைக்குச் சோறு போடுறாங்களாம். மாதையன் சதை போட்டு வந்திருக்கான், பாத்தீங்கல்ல? உங்க காட்டையும் உங்க தம்பி காட்டையும் நானே உழுதுக்கிறேன். எனக்கு என்ன, ரெண்டு கைதானே இருக்கு."

பிறகு உட்கார்ந்து புளி தட்டத் தொடங்கினாள். வெள்ளையன் அச்சையும் துப்பாக்கியையும் கொம்பையும் எடுத்துக்கொண்டான். அவளுக்கு என்ன தெரியும், என்று கூட வந்த சாமியம்மாவிடம் சொன்னான். புருஷனைப் பறிகொடுத்தவள் அவள்தானே, என்றாள் சாமியம்மா. அவன் அதைக் காதில் வாங்காததுபோல நடந்தான்.

உடனே வார்க்க முடியவில்லை. மண்ணிலிருந்து எடுத்த ஈயத்தின் மடிப்புகளில் ஈரம் இருக்கும். ஈரத்தோடு சட்டியில் போட்டால் உருகிய ஈயம் வெடித்துச் சிதறிக் கண்ணைப் பறித்துவிடும். ஈயத்தைக் கழுவி, பாறைமேல் பரப்பி, வெயிலில் காய வைத்தான். வானம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அவன் பாறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். ஒரு குண்டை எடுத்து உதறிக் காதில் வைத்துப் பார்த்தான். இன்னும் காயவில்லை என்று கீழே வைத்தான். துப்பாக்கி சுவரில் சாய்ந்து நின்றது. ஆடு ஒன்று வந்து அதன் அடிக்கட்டையை நக்கியது.

ஈயம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினான். இரும்புச் சட்டியில் ஈயத்தைப் போட்டான். சாமியம்மா எதிரில் குந்தி விறகு தள்ளினாள். புகை வருகிற பக்கம் உட்காராதீர்கள் என்று அவளை இடம் மாற்றி உட்காரவைத்தான்.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்த குண்டுகள் கொஞ்சம் சாய்ந்தன. பூசாரி வீட்டுக் குண்டும் அப்பா வார்த்த குண்டும் பொன்னன் குண்டும் மாதையன் குண்டும் விளிம்பு கரைந்து ஒன்றுக்குள் ஒன்று இறங்கின. சட்டியில் ஒரு சின்னக் குளம் உண்டாயிற்று. அதன்மேல் சாம்பல் நிற ஆடை படிந்தது.

தேன்மெழுகில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டான். குப்பென்று தீப்பற்றி அணைந்தது. மண்ணும் அழுக்கும் மேலே திரண்டு வந்தன. கரண்டியால் வழித்து எறிந்தான். அடியில் ஈயம் கண்ணாடி மாதிரி நின்றது. சாமியம்மா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் அதில் தெரிந்து கலைந்தது.

"எது யாருதுன்னு இப்பச் சொல்ல முடியுமா அண்ணே?"

"உருகினப்புறம் எப்படிச் சொல்றது?"

அச்சை இறுகப் பிடித்து முதல் கரண்டியை ஊற்றினான். கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தான். குண்டு சுருங்கியிருந்தது. அச்சு இன்னும் சூடேறவில்லை, முதலில் வருவது எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, திரும்பச் சட்டியில் போட்டான்.

"திருப்பிப் போட்டா கெட்டுப்போகாதா?"

"எத்தனை தடவை போட்டாலும் உருகும். ஈயத்துக்கு அலுப்பே கிடையாது."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நன்றாக வந்தது. வழவழப்பான உருண்டை. ஊற்றிய வாயில் மட்டும் ஒரு சின்னக் காம்பு. அதை நறுக்கிவிட்டு, பாருங்கள் என்று சாமியம்மாவின் கையில் கொடுத்தான். அவள் துணியால் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த இடத்துல லேசா ஒரு மடிப்பு இருக்கற மாதிரி இருக்கு அண்ணே."

சட்டியில் போட்டாள்.

அடுத்ததை இன்னும் கவனமாக வார்த்தான். அதை அவள் பலகையில் உருட்டினாள். நேராக ஓடவில்லையே என்றாள். சட்டியில் போட்டாள். அதற்கு அடுத்ததில் ஒரு புள்ளி தெரிகிறது என்றாள். அதற்கு அடுத்தது மற்றவற்றைவிடக் கனம் குறைவோ என்று சந்தேகப்பட்டாள். ஒவ்வொன்றும் மெல்லிய ஒரு சுழிப்போடு உருகிய ஈயத்தில் அமிழ்ந்து காணாமல் போயிற்று.

முதலில் வெள்ளையன் அவள் சொன்னதை நம்பினான். நடுப்பகலில் தன் கையையே சந்தேகப்பட்டான். அச்சைப் பிரித்துத் துடைத்தான். மெழுகு அதிகமாகிவிட்டதோ என்றான். கஞ்சி குடிக்கக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றான். வெயில் சாய்ந்தபோது அவனுக்குக் கோபம் வந்தது.

"அம்மா, இந்த மலையிலயே நான் வார்க்கறதுதான் நல்ல குண்டுன்னு பேரு. பத்து ஊரு வந்து வாங்கிட்டுப் போகும்."

"தெரியும் அண்ணே. அதனாலதான் நல்லதா ஒண்ணு பாக்கலாம்னு இருக்கேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஈயம் சரியான பதத்துக்கு வரும்வரை காத்திருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் பிடித்ததுபோல, நடுவில் நிறுத்தாமல் ஊற்றினான். அச்சைப் பிரிக்க அவசரப்படவில்லை. பிரித்தபோது உள்ளே இருந்தது ஒரு மழைத்துளியைப்போல இருந்தது. காம்பை நறுக்கி, வெட்டிய இடத்தைக் கல்லில் தேய்த்து, அவள் கையில் வைத்தான்.

சாமியம்மா வெகு நேரம் பார்த்தாள். பலகையில் உருட்டினாள். அது நேராக ஓடி அவன் முழங்காலில் போய் முட்டி நின்றது. அவள் அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இதுல குறை இல்ல அண்ணே."

அவன் எழுந்தான். அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்ததுபோலக் கொஞ்சம் நின்றான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொம்பைத் தோளில் மாட்டினான். சுவரோரம் போய்த் துப்பாக்கியை எடுத்தான். குண்டை மூடிய கை மூடியபடியே இருந்தது. வாசல் விளிம்புவரை நடந்தான்.

அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தில் மாதையனின் காடு தெரியும். பொழுது இறங்கும் வெளிச்சத்தில் ஓர் ஆள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். தூரத்தில் அவனுக்கு முகம் இல்லை. நடுவில் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நின்றான். மறுபடி குனிந்தான். குனிந்தால், செடிகளுக்கு நடுவில் ஏதோ ஒரு கறுப்பு அசைவதுபோலத்தான் தெரிந்தது. அது மனிதன் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

வெள்ளையன் அங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்று சொல்ல முடியாது. காடுகளின் நிறம் மாறியது. ஆடுகள் தாமாகவே பட்டிக்குத் திரும்பி வந்தன. சாமியம்மா அவனைக் கூப்பிடவில்லை. எழுந்து ஆடுகளை அடைத்தாள். திரும்பி வந்து அடுப்பில் ஒரு விறகு வைத்தாள். அது எரிந்து தணிந்தபோது இன்னொன்று வைத்தாள். சட்டியில் ஈயம் உறையவில்லை.

அவன் திரும்பி வந்தான். துப்பாக்கியைப் பழைய இடத்தில் சாய்த்தான். அவள் எதிரில் குந்தினான். கையைத் திறக்கவில்லை.

"மத்ததெல்லாம் குறைன்னீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றான்.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே."

"இன்னிக்குப் பூரா என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"திருப்பித் திருப்பி நீங்கதானே வார்த்தீங்க. எனக்குப் பாக்க நல்லா இருந்துச்சு."

அவன் சட்டியைப் பார்த்தான். ஈயத்தின் மேல் மறுபடி மெல்லிய ஆடை படிந்திருந்தது. கரண்டியை எடுத்து அதை ஒதுக்கினான். அடியில் பளபளப்பு அப்படியே இருந்தது. மூடியிருந்த கையைச் சட்டிக்கு மேலே கொண்டுவந்தான். வெக்கை விரல்களைச் சுட்டிருக்க வேண்டும். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா" என்றான். "இதுல குறையே இல்லையே. இதையும் உருக்கலாமா?"

சாமியம்மா விறகை உள்ளே தள்ளினாள்.

"கையில இருக்கற வரைக்கும் உருக்கலாம் அண்ணே."